ஒரு பகலுக்கான பண்டம்

ஜப்பானியப் பலகாரத் தொழிலில் ‘அசானாமா’ என்று ஒரு வகை உண்டு. விடியுமுன் செய்து, பகலில் விற்று, பொழுது சாய்வதற்குள் தின்று முடிக்க வேண்டிய பண்டங்கள் எல்லாம் அந்த வகை. பசையரிசியை வேகவைத்து இடித்த மோச்சி, அதற்குள் இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்து உருட்டிய தைஃபுகு, பூரணத்தை வெளியே போர்த்திய ஒஹாகி, குச்சியில் கோத்த தாங்கோ உருண்டை ஆகியவை இதில் வரும். தேநீர்ச் சடங்குக்கென்று பூவும் இலையுமாக வடிவெடுக்கும் உயர்ந்த பலகாரங்கள் வேறு. கியோட்டோக்காரர்கள் அவற்றுக்கு ஒரு கடைக்கும் மோச்சிக்கு இன்னொரு கடைக்கும் போவார்கள். விருந்தாளி வந்தால் முதல் கடை. வீட்டார் தின்பதற்கு இரண்டாவது.

நான் தொழில் பழகியது அந்த இரண்டாவது வகைக் கடையில். நிஷிஜின் என்னும் பட்டு நெசவாளர் பகுதியில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்த சின்ன மோச்சிக் கடை அது. வயதான தம்பதி நடத்தினார்கள். கடைக்காரரை ‘தைஷோ’ என்றும் அவர் மனைவியை ‘ஒகாமி-சான்’ என்றும் கூப்பிடுவோம். விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் எட்டரைக்குள் கண்ணாடிப் பெட்டி நிறைந்திருக்கும். இங்கே கைவினைக்காரர்கள் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வேலையை நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். நெசவாளர் வீட்டிலிருந்து யாராவது வந்து ஐந்தோ ஆறோ காகிதத்தில் கட்டி வாங்கிப் போவார்கள். மாலை நான்கு மணிக்குப் பெட்டி காலியாகிவிடும். மீந்தால் அது மறுநாள் விற்பனைக்கு வராது. இந்த ஒரு விதியில்தான் அந்தக் கடையின் மானமே இருந்தது.

வாரிசு இல்லாமல் கடை மூடப்பட்டபோது ‘செய்ரோ’ என்னும் சதுர மர ஆவித்தட்டுகளும் ஒரு தாமிரக் கடாயும் என் வீட்டுக்கு வந்தன. இப்போது நான் விற்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், விசேஷ நாட்களில் தெருவுக்குக் கொடுக்கிறேன். ‘மோச்சிக்கு மோச்சிக்கடைதான்’ என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. எந்த வேலையையும் அதற்குரிய ஆளிடம் விடு என்ற பொருளில் சொல்வார்கள். கடை உழைப்பைச் செய்து பார்த்தவள் என்ற உரிமையோடு இதை மறுக்கிறேன். பூரணம் வைத்த மோச்சியை வீட்டில் செய்து, சூடு தணிந்த அரை மணி நேரத்துக்குள் தின்பதுதான் அதன் உண்மையான ருசி. எவ்வளவு தேர்ந்த கடையும் அந்த அரை மணி நேரத்தை உங்களுக்கு விற்க முடியாது.

காரணம் அரிசிக்குள் இருக்கிறது. சோற்றுக்குப் போடும் ஜப்பானிய அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் இரண்டும் உண்டு. அமைலோஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். ‘மோச்சிகோமே’ என்னும் பசையரிசியில் அமைலோஸ் அனேகமாக இல்லை, முழுக்க அமைலோபெக்டின்தான். செட்டிநாட்டுக் கவுனி அரிசி குழைந்து ஒட்டுவதும் இந்தக் குணத்தால்தான். வேகும்போது கிளைகிளையான அந்த மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விரிகின்றன. ஆறும்போது மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காகின்றன. அந்த அடுக்குதான் நாம் பல்லில் உணரும் கெட்டித்தன்மை. 0 முதல் 5 டிகிரி வரையிலான குளிரில் இது மிக வேகமாக நடக்கும். அதனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மோச்சி, வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் கட்டையாகிவிடும்.

இதைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. மாவோடு நிறையச் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் சர்க்கரை தண்ணீரைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். மோச்சி நாள் கணக்கில் மெத்தென்று இருக்கும். ‘கியூஹி’ என்று அதற்குப் பெயர், பழைய நல்ல முறைதான். இப்போது தொழிற்சாலைகள் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளையும், 1990களிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையையும் சேர்க்கின்றன. ரயில் நிலையங்களில் வாரக் கணக்கில் கெடாத தைஃபுகு அடுக்கியிருப்பது அப்படித்தான். அது மென்மையாக இருக்கும், ஆனால் இழுவை இராது. கடித்தால் மோச்சி எதிர்த்து இழுபட வேண்டும், பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். ஈசே ஆலயத்துக்குப் போகிறவர்களுக்காக 1707 முதல் செய்யப்படும் அகாஃபுகுவைப் பாருங்கள். வெள்ளை மோச்சியின் மேல் பூரணத்தை விரலால் மூன்று வரி இழுத்து, இசுஸு ஆற்றின் ஓட்டத்தைக் காட்டியிருப்பார்கள். அவ்வளவு பேர்போன பண்டத்துக்கே வெயில் காலத்தில் செய்த நாளையும் சேர்த்து இரண்டு நாள்தான் கெடு. முந்நூறு ஆண்டுகளாகியும் அந்தக் கெடு இவ்வளவு குறுகியதாக இருப்பது எனக்குள் பெரிய மரியாதையை உண்டாக்குகிறது.

சரி, பயற்றுக்கு வருகிறேன். மோச்சி செய்ய ஒரு மணி நேரம் போதும். பூரணத்துக்கு ஒரு நாள் வேண்டும். முதல் நாளே செய்து ஆறவைத்துவிடுங்கள்.

பூரணத்துக்கான சிவப்புப் பயறு அஸுகி. நம் உளுந்து, பாசிப்பயறு, காராமணி எல்லாம் எந்தப் பேரினமோ, அதே விக்னா பேரினம்தான் அஸுகியும். ஜப்பானில் விளைவதில் மிகப் பெரும்பகுதி வடக்கே ஹொக்கைடோ தீவில், அதிலும் டொகாச்சிச் சமவெளியில் விளைகிறது. கியோட்டோவை ஒட்டிய டம்பா மலைப்பகுதியின் ‘டைனாகோன்’ இன்னும் பெரிய மணி, விலையும் பல மடங்கு. தோல் வெடிக்காமல் முழுசாக வேகும் என்பதால் மணி மணியாகத் தெரிய வேண்டிய பண்டங்களுக்கு அதை எடுப்போம். சாதாரண அஸுகி வேகும்போது வயிறு வெடிக்கும். எடோ (இன்றைய டோக்கியோ) நகரச் சாமுராய்கள் அதை அபசகுனமாக நினைத்து, விசேஷ நாளின் செஞ்சோற்றுக்கு அஸுகிக்குப் பதிலாகக் காராமணி வகையைப் போட்டார்கள் என்பார்கள். டோக்கியோ பக்கம் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. பூரணத்துக்கு வயிறு வெடிப்பது குறையே இல்லை. அது புதுப் பயறா என்பதை மட்டும் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அறுவடையானது ஆண்டு முடிவதற்குள் கடைக்கு வந்துவிடும். பழைய பயறு எவ்வளவு வெந்தாலும் நடுவில் ஒரு முரட்டுத்தனத்தை வைத்துக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை மணி நேரம் ஊறப்போடணும்?” என்றுதான். அஸுகியை நான் ஊறப்போடுவதில்லை. அதன் தோலில் தண்ணீர் இறங்காது. வெள்ளைக் கண்ணின் ஓரத்தில் உள்ள ஒரு நுண்ணிய வாயில் வழியாகத்தான் உள்ளே போகும். ஒரு மணி இரவில் குடித்துவிடும், பக்கத்து மணி விடிந்த பிறகும் குடித்துக்கொண்டிருக்கும். அடுப்பில் ஏற்றினால் ஒன்று குழைந்து இன்னொன்று விறைத்து நிற்கும். அதனால் கழுவி, நொள்ளைகளைப் பொறுக்கி, நேராகக் கொதிக்கவிடுகிறோம். கொதி வந்ததும் ஒரு தம்ளர் பச்சைத்தண்ணீர் ஊற்றுங்கள். சூடு சட்டென்று இறங்கி, சுருங்கிய தோல் மெல்ல நிமிர்ந்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும். மறுபடி கொதித்துத் தண்ணீர் கருஞ்சிவப்பானதும் வடிகட்டிக் கொட்டிவிட வேண்டும். தோலில் இருக்கும் துவர்ப்பு அந்த முதல் தண்ணீரோடு போய்விடும். சில கடைகளில் இரண்டு மூன்று தடவை வடிப்பார்கள். எங்கள் கடையில் ஒரு தடவைதான். “துவர்ப்பு அத்தனையும் போயிட்டா அப்புறம் பயறுன்னு சொல்ல என்ன இருக்கு?” என்பார் தைஷோ. எனக்கும் அதே கட்சி. இரண்டு தடவை வடித்த பூரணம் பார்வைக்கு அழகாகவும் நாக்கில் வெறும் சர்க்கரையாகவும் இருக்கும்.

அடுத்து புதுத் தண்ணீர், மிகச் சின்னத் தீ. பயறு எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், குதிக்கக் கூடாது. கியோட்டோவின் நிலத்தடி நீர் மென்மையானது. இந்த வேலைக்குப் பெரிய வரம். உப்புத் தண்ணீர் ஊர்களில் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து பயற்றின் செல்சுவர்களை இறுக்கிவிடும், வேக நேரம் இழுக்கும். அங்கே சுத்திகரித்த நீரை எடுத்துக்கொள்ளலாம்.

நவோமி கவாசே 2015இல் எடுத்த ‘ஆன்’ என்ற படத்தில், பூரணம் கிண்டும் முதிய பெண்மணி பயறு சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள், அது கதைக்காகச் சேர்த்ததா என்று கேட்கிறார்கள். உண்மையிலேயே கேட்க வேண்டும். தொடக்கத்தில் மணிகள் பாத்திரத்தின் அடியில் உரசிக் கறுமுறுவென்று பேசும். பாதி வெந்ததும் அந்தச் சத்தம் தாழும். முழுக்க வெந்ததும் தண்ணீரின் குமிழிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அப்போது பல இடங்களிலிருந்து மணிகளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். நம் விரல்களில் பலம் குறைந்தது சுண்டுவிரல். அதுவே நசுக்கினால்தான் வெந்ததாகக் கணக்கு. ஒரு மணி கல்லாக இருந்தாலும் இறக்காதீர்கள், ஏனென்றால் சர்க்கரை விழுந்த பிறகு பயறு வேகாது. வெந்ததும் மூடிபோட்டு அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். எந்த மணியாவது பின்தங்கியிருந்தால் அந்தச் சூட்டில் வந்து சேர்ந்துகொள்ளும்.

இங்கிருந்து இரண்டு பாதை. தோலோடு கிண்டினால் ட்சுபுஅன். தோலை நீக்கினால் கோஷிஅன். முதலாவதைக் கிராமத்து ருசி என்றும் இரண்டாவதை நாகரிகம் என்றும் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பிரிவினையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மோச்சிக்குள் வைக்க எனக்குக் கோஷிஅன் பிடிக்கும், ஒஹாகிக்கு மேல் போர்த்த ட்சுபுஅன் பிடிக்கும். உள்ளே இருப்பது மோச்சியோடு சேர்ந்தே கரைய வேண்டும். வெளியே இருப்பது தானாகப் பல்லில் நிற்க வேண்டும்.

கோஷிஅன் செய்ய வெந்த பயற்றைத் தண்ணீர் விட்டுக்கொண்டே சல்லடையில் தேய்க்க வேண்டும். தோல் மேலே தங்கும், சதை தண்ணீரோடு கீழே இறங்கும். இந்த இடத்தில் மிக்ஸியைத் தொடாதீர்கள். பயற்றின் மாவுச்சத்து, வெந்து இறுகிய புரதத்தோடு சின்னச் சின்ன செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. செல் உடையாமல் ஒவ்வொன்றாகப் பிரிந்தால் பூரணம் நாக்கில் நறநறவென்று இல்லாமலும் பசைபோல் ஒட்டாமலும் வழுக்கிப் போகும். மிக்ஸியின் பிளேடு செல்லைக் கிழித்தால் உள்ளே உள்ள மாவு வெளியே வந்து கஞ்சியாகிவிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் அது பூரணமாகாது. சல்லடை நீரைத் தெளியவிட்டு, மேல்நீரைச் சாய்த்துக் கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றித் தெளியவிடுங்கள். நீர் தெளிவாகும்வரை இரண்டு மூன்று தடவை இப்படி. கடைசியில் மல் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் உதிரியாக, சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் ஒரு கட்டி கிடைக்கும். 300 கிராம் பயற்றுக்கு ஏறக்குறைய 500 கிராம். இதில் இன்னும் இனிப்பு விழவில்லை. ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். பயறு எப்படி மணக்கும் என்பது இந்தக் கட்டத்தில்தான் சுத்தமாகத் தெரியும்.

சர்க்கரை 300 கிராம். பழைய கணக்கு பயறும் சர்க்கரையும் சம எடை. குறைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 240 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் பூரணம் உருண்டையாக நிற்காது, மறுநாளே புளிப்பு தட்டும். கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, பிழிந்த கட்டியைப் போட்டு, தீயைப் பெரிதாக வையுங்கள். தீயைச் சிறிதாக்கினால் நேரம் இழுத்து மணம் போய்விடும். அடியைச் சுரண்டிச் சுரண்டி மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூரணம் வெடித்துத் தெறிக்கும், அது பட்ட இடம் கொப்பளிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பதம் எப்படித் தெரியும்? துடுப்பால் கோடு இழுத்தால் கடாயின் அடி ஒரு கணம் தெரிந்து மூட வேண்டும். எடுத்துப் போட்டால் குன்றாக உட்கார வேண்டும், பரவக் கூடாது. ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கண்ணுக்குச் சரியான பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடுவேன். இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. பிறகு கடாயில் விடாமல் தாம்பாளத்தில் சின்னச் சின்னக் குவியலாக வைத்து ஈரத்துணி போர்த்துங்கள். கடாயிலேயே விட்டால் அதன் சூடே நிறத்தைக் கறுக்கவைத்துவிடும்.

ட்சுபுஅன் இதைவிட எளிது. வெந்த பயற்றை வடித்து, 250 கிராம் சர்க்கரையை மூன்று பங்காகப் பிரித்துப் போட்டுக் கிண்ட வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் தோல் விறைத்துப்போகும்.

சர்க்கரை என்பது ஜப்பானுக்கு நெடுங்காலம் கப்பலில் வந்த பொருள். எடோ காலத்தில் ஷோகுன் யோஷிமுனே உள்நாட்டில் கரும்பு பயிரிடுவதை ஊக்குவித்த பிறகுதான் ஷிகோகு தீவின் சர்க்கரை பேர் பெற்றது. அதற்கு முன் சாதாரண வீடுகளில் பயற்றுப் பூரணம் என்றால் உப்புப் போட்டதுதான். அந்தத் தீவின் ககாவாவில் புத்தாண்டன்று வெள்ளை மிசோ சூப்புக்குள் இனிப்புப் பூரணம் வைத்த மோச்சியைப் போட்டுச் சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உப்பும் இனிப்பும் அப்படிச் சேர்வதை ஒரு தடவையாவது ருசித்துப் பாருங்கள். பூரணத்தில் அந்தச் சிட்டிகை உப்பு எதற்கு என்று நான் விளக்கவே தேவையிருக்காது.

மறுநாள் மோச்சி. முறைப்படி என்றால் இரவு முழுக்க ஊறிய மோச்சிகோமேயை ஆவியில் முப்பது நாற்பது நிமிடம் வேகவைத்து, ‘உசு’ என்னும் உரலில் கொட்டி, ‘கினே’ என்னும் பெரிய கொட்டாப்புளியால் இடிக்க வேண்டும். படங்களில் இரண்டு பேர் ஆவேசமாக அடிப்பதைத்தான் காட்டுவார்கள். நாரா நகரில் அப்படி மின்னல் வேகத்தில் இடிப்பதையே காட்சியாக்கிய கடையும் இருக்கிறது. ஆனால் பாதி வேலை அடிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். சூடான அரிசியைக் கினேயின் தலையால் அழுத்தி, உரலைச் சுற்றி நடந்துகொண்டே பிசைய வேண்டும். மணிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்ட பிறகுதான் ஓங்கி அடிப்பது. முன்னாலேயே அடித்தால் அரிசி வெளியே பறக்கும். அடிக்கு அடி நடுவில் ஒருவர் ஈரக்கையால் மடித்துப் புரட்டுவார். எங்கள் கடையில் அந்தக் கை ஒகாமி-சானுடையது. தைஷோ ஓங்குகிற தாளத்தை அவர் மூச்சாலேயே அறிந்துவைத்திருந்தார்.

வீட்டில் உரல் வேண்டாம். 1971இல் தோஷிபா வீட்டுக்கான மோச்சி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஊறிய அரிசியைப் போட்டால் அதுவே வேகவைத்துப் பிசைந்து கொடுக்கும். இடித்ததன் இழுவை அதில் முழுதாக வராது. ஆனாலும் கடையில் வாங்கிப் பழசான மோச்சியைவிட இயந்திரத்தின் சூடான மோச்சி எவ்வளவோ மேல்.

அதுவும் இல்லாதவர்களுக்கு மாவு இருக்கிறது. ‘மோச்சிகோ’ என்பது பசையரிசியைக் கழுவிக் காயவைத்து அரைத்த மாவு. ‘ஷிரதமாகோ’ அதே அரிசியைத் தண்ணீர் விட்டு அரைத்து, தெளியவைத்து, படிந்ததை உலர்த்தியது. கரடுமுரடான சின்னக் கட்டிகளாக இருக்கும். விலை கூடினாலும் ஷிரதமாகோவையே வாங்குங்கள், அந்த வழவழப்பு மற்றதில் கிடையாது. 100 கிராமுக்கு 120 மில்லி தண்ணீர். முதலில் கொஞ்சமாக விட்டுக் கட்டிகளை நசுக்கிக் கரைத்து, பிறகு மீதியை ஊற்றி 40 கிராம் சர்க்கரை சேருங்கள். பாத்திரத்தை ஆவியில் இருபது நிமிடம் வைத்து, நடுவில் ஒரு தடவை எடுத்துக் கிளறுங்கள். வெள்ளை நிறம் முழுக்கப் போய், ஒளி ஊடுருவுகிற மினுமினுப்பு வந்தால் வெந்துவிட்டது. எங்கேயாவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பச்சை மாவு. வெந்ததை மரத்துடுப்பால் பலமாக அடித்துக் கிளறினால் இழுவை கூடும். பிறகு உருளைக்கிழங்கு மாவு தூவிய தட்டில் கொட்டுங்கள். எட்டுப் பங்கு வரும்.

பூரணத்தை 25 கிராம் உருண்டைகளாக முன்பே உருட்டி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மோச்சி காத்திருக்காது. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யத் தெரிந்த கைக்கு இது பாதி தெரிந்த வேலை. ஆனால் அரிசிமாவுச் சொப்பு செய்த வடிவத்தில் நிற்கும். மோச்சியோ சூடு இருக்கும்வரை எந்த வடிவத்திலும் நிற்காது, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். அந்த வழிதலையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தடிமனும் ஓரத்தில் மெலிவுமாகத் தட்டி, மாவுப் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, பூரண உருண்டையை வைத்து மெல்ல அழுத்துங்கள். இடதுகையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வளையமாகச் சுற்றி நிற்க, வலதுகை உருண்டையைத் திருப்பிக்கொண்டே போக, மோச்சி தானாக ஏறி வந்து மூடிக்கொள்ளும். வாயைக் கிள்ளி மூடி, அந்தப் பக்கம் கீழே வரும்படி வையுங்கள். உள்பக்கத்தில் மாவு பட்டால் வாய் ஒட்டாது. கையில் அதிகம் தூவாதீர்கள். சூட்டைத் தாங்குவதற்கு வழி ஒன்றுதான்: வேகம். மோச்சி ஆறிய பிறகு நிதானமாகச் செய்தால் ஓரங்கள் ஒட்ட மறுக்கும்.

1980களில் வந்த ஸ்ட்ராபெரி தைஃபுகுவைப் பழைய கடைக்காரர்கள் சிலர் மதிப்பதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தமானது. பழத்தைப் பூரணத்தால் மூடி, அதற்கு மேல் மோச்சி போர்த்துவோம். பழத்தின் சாறு பூரணத்துக்குள் இறங்கத் தொடங்கினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே சகதியாகிவிடும். வீட்டில் செய்து உடனே தின்பதற்கென்றே பிறந்த பண்டம் அது.

வசந்தம் தொடங்கியதும் யோமொகி துளிர்க்கும். நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த செடி, இலையைக் கசக்கினால் அந்த உறவு மூக்குக்குத் தெரியும். காமோ ஆற்றங்கரையில் நாய்கள் நடமாடாத மேட்டுப் பக்கத்தில் நுனித் துளிர்களை மட்டும் கிள்ளி வந்து, சோடா உப்புச் சேர்த்த கொதிநீரில் போட்டெடுத்து, பச்சைத்தண்ணீரில் அலசி, பிழிந்து, நார் தெரியாதபடி நறுக்கி மோச்சியோடு இடிப்போம். பச்சையும் கசப்பும் கலந்த அந்த மோச்சிக்குள் பூரணத்தின் இனிப்பு வேறு மாதிரி ஒலிக்கும். கடைகளில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் உலர்ந்த யோமொகிப் பொடியில் நிறம் இருக்கும், மணம் இராது. மே 5 அன்று ஓக் இலையில் சுற்றிய கஷிவாமோச்சி. புதுத் துளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால் குலம் தழைக்க என்று ஆண் குழந்தைகளின் நாளுக்கு அதைச் செய்வார்கள். அந்த இலையைத் தின்னக் கூடாது. செர்ரி இலை சுற்றிய சகுராமோச்சியின் உப்பு இலையைத் தின்னலாம், நான் தின்பேன்.

ஆண்டில் இரண்டு தடவை, பகலும் இரவும் சமமாகும் நாளை நடுவில் வைத்து வரும் ஏழு நாட்கள் ஹிகான். இறந்தவர்களின் கல்லறைக்குப் போய்க் கழுவி, பூ வைத்து, ஒஹாகி படைக்கும் நாட்கள். இதற்கு முழு மோச்சி வேண்டாம். இரண்டு பங்கு மோச்சிகோமேயும் ஒரு பங்கு சோற்றரிசியும் சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, மணி பாதி தெரியும்படி மரக்கட்டையால் மசித்தால் போதும். உருட்டி, ஈரத்துணியில் பரப்பிய பூரணத்தின் நடுவில் வைத்து, துணியோடு சேர்த்துச் சுருட்டி எடுங்கள்.  இலையுதிர் கால ஹிகானுக்குத் தோல் மென்மையான பயறு என்பதால் ட்சுபுஅன், வசந்தத்துக்குள் தோல் தடித்துவிடும் என்பதால் கோஷிஅன் என்று ஒகாமி-சான் பிரித்துவைத்திருந்தார். அந்த வாரம் கடை வாசலில் வரிசை நிற்கும். வாங்குகிறவர்கள் எண்ணிக்கையோடு கூடவே யாருக்கு என்பதையும் சொல்வார்கள். “மாமியாருக்கு ரெண்டு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு. அவருக்கு எள்ளு போட்டது பிடிக்கும்” என்பார் ஒரு பாட்டி. மாமியாரும் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து பல காலமாகியிருக்கும். ஒகாமி-சான் எள் போட்டதில் நன்றாக வந்ததாகப் பார்த்து எடுத்து வைப்பார். இப்போது என் தெருவில் நானும் யார் வீட்டில் யாருக்கு எது பிடித்திருந்தது என்று கேட்டுத்தான் செய்கிறேன்.

வயதானவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜப்பானில் முதியவர்கள் மோச்சி தொண்டையில் அடைத்து மருத்துவமனைக்குப் போகிறார்கள், சிலர் இறந்தும்போகிறார்கள். தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுகிறது. அந்த இழுவைதான் ருசி, ஆபத்தும் அதுவே. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கத்தரியால் சிறு துண்டாக வெட்டிக் கொடுங்கள், முதலில் ஒரு வாய் தேநீர் குடித்துத் தொண்டையை நனைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள். மிகவும் முதியவர்களுக்கு நான் ஒஹாகிதான் செய்கிறேன். அது மணியாக உடையும்.

எல்லாம் செய்தும் இரண்டொன்று மீந்துவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். பூரணத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் ஒரு மாதம்கூட வைக்கலாம். உருட்டிய தைஃபுகுவைத் துணி மூடி வெளியிலேயே விட்டால், குளிர்காலமாக இருந்தால், காலையில் ஓரம் விறைத்திருக்கும். விற்க முடியாத அந்த ஒன்றிரண்டைத்தான் தைஷோ விடிகாலையில் அடுப்பு மூட்டிய கையோடு இரும்புத் தட்டில் போடுவார். எண்ணெய் வேண்டாம், தீ சின்னதாக இருக்கட்டும். சூடு ஏறினால் அடுக்கான மாவுச்சத்து மறுபடி தளர்ந்துவிடும். அடிப்பக்கம் பொன்னிறமாகிப் பொருபொருவென்றானதும் திருப்பிப் போடுங்கள். உள்ளே பூரணம் கொதித்திருக்கும், கொஞ்சம் பொறுத்துக் கடியுங்கள்.